இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நாளில்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விஜயதசமி காலையிலிருந்து யார் பேசினாலும் தொண்டை கிழிந்தது போலக் கேட்டது. முதலில் கேட்டது என் மனைவி அனந்தலக்ஷ்மியின் குரல் என்பதால், அதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

அனந்தலக்ஷ்மிக்கு ஜூலையில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள், எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அதற்கு ஒட்டினாற்போல ஓடுகிறது என்று டாக்டர் முன்கூட்டியே படம் போட்டுக் காட்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாளில் பேச்சு வந்துவிட்டது. பாட்டு எப்போது வரும் என்று கேட்டதற்கு, பாடிப் பார்த்தால்தான் தெரியும், அவசரப்பட வேண்டாம் என்றார்.

அவளுக்குப் பாட்டுதான் வேலை. கல்கத்தாவில் காளிகாட் மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் ஃபிளாட். முன்னறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறாள். தமிழ்ப் பிள்ளைகளும் வருவார்கள், வங்காளிப் பிள்ளைகளும் வருவார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் தமிழ்ச் சங்கத்து மார்கழி விழாவில் அரை மணி நேரம் பாடுவாள். இத்தனை வருஷமாக அதற்கு யாரும் எதுவும் கேட்டதில்லை. தேதி சொல்வார்கள், போய்ப் பாடிவிட்டு வருவாள்.

இந்த வருஷம் சங்கச் செயலாளர் சேஷாத்ரியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. பாடுகிறவர்கள் எல்லோரும் பத்து நிமிடப் பதிவு ஒன்றை அக்டோபர் 31-க்குள் அனுப்ப வேண்டும், இது புது விதி என்று.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"எல்லாரும்னு போட்டிருக்கார். பாவம், என் ஒருத்திக்காக எல்லாரையும் சேர்த்து அலைய விடறார்."

"அப்படியெல்லாம் இருக்காது."

"ஏன்னா, சேஷாத்ரியை நேக்குத் தெரியாதா? நேரா கேக்கத் தைரியம் இல்லை. விதி போட்டுட்டார்."

விஜயதசமி நல்ல நாள் என்று அன்று காலை குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய நல்ல மைக் ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு முழுசாகப் பாடுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒரு வர்ணம், கொஞ்சம் கல்யாணி ஆலாபனை. நான் ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிக்கவில்லை. எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அதைப் போட்டுக் கேட்டாள். முதல் எழுத்திலிருந்தே கரகரவென்று வந்தது. தகர டப்பாவுக்குள் யாரோ மணல் போட்டுக் குலுக்குவது மாதிரி. அவள் அதை முப்பது நொடி கேட்டாள். நிறுத்திவிட்டு எழுந்து போய்ச் சமையலறையில் அரிசி களைய ஆரம்பித்தாள். சாதம் ஏற்கனவே ஆகியிருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று செய்தி சேனல் ஒன்றைத் திறந்தேன். செய்தி வாசித்தவருக்கும் தொண்டை கிழிந்திருந்தது.

"அனந்தா! ஓடி வா! இவனுக்கும் போயிடுத்து!"

அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். நான் வங்காளிச் செய்தி போட்டேன். அந்த அம்மாளுக்கும் கரகரத்தது. ஒரு சமையல் வீடியோ போட்டேன். எண்ணெய் காய்வதும் சமையல்காரர் பேசுவதும் ஒரே மாதிரி கேட்டது.

"இவா எல்லாருக்குமா ஆபரேஷன் ஆயிருக்கு?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அந்தச் சமையல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ கம்ப்யூட்டர்தான்," என்றாள்.

"கம்ப்யூட்டரேதான்."

"சரி, ரிப்பேர் பண்ணுங்கோ. அப்புறம் கேட்டுக்கலாம்."

போனில் பதிந்து பார்க்கலாமே என்றேன். போனில் தம்பூரா கொசு மாதிரி கேட்கும், அதில் எதையும் தீர்மானிக்க முடியாது என்றாள். நான் ஹாலிலிருந்து கேட்டேனே, நன்றாக இருந்ததே என்றேன்.

"உங்களுக்கு என்னிக்கு நன்னா இல்லை? மெட்ரோ அறிவிப்பே நன்னா இருக்கும்பேள். பாட்டு வெளியில போயிட்டு திரும்பி வந்து காதுல விழணும். பாடறச்சே உள்ளுக்குள்ள கேக்கறது பொய்."

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் துறைமுக அலுவலகத்தில் நஷ்டஈட்டுப் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு கெட்டுப்போயிருந்தால் அது கப்பலில் கெட்டதா, துறையில் கெட்டதா, கிளம்பும்போதே கெட்டிருந்ததா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் போட்டேன்.

புனேயில் இருக்கும் எங்கள் பெண் மதுவந்தியை வீடியோ காலில் கூப்பிட்டேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தா. கோபம் வந்தால் வங்காளியில்தான் வரும்.

"அப்பா, சவுண்ட் செட்டிங்ஸ்ல போ. என்ஹான்ஸ்மென்ட்னு இருக்கும், எல்லாத்தையும் ஆஃப் பண்ணு."

"பண்ணிட்டேன்."

"இப்போ?"

"அதேதான்."

"தூர் பாபா! சரி, ஃபார்மட்டை மாத்து. 48000னு இருக்கா 44100னு இருக்கா?"

"எது உசத்தி?"

"உசத்தி தாழ்த்தி இல்லைப்பா, மாத்திப் பாரு."

மாற்றிப் பார்த்தேன். கரகரப்பு கொஞ்சமும் அசையவில்லை. டிரைவரைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். அதற்கு நாற்பது நிமிடம் ஆனது. நாற்பது நிமிடம் கழித்து, புது டிரைவரில் பழைய கரகரப்பு.

"ஸ்பீக்கர் கெட்டிருக்குமோ?" என்றாள்.

"ரெண்டுலயும் ஒரே மாதிரி வரதே."

"ரெண்டுமா? ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே நாள்ல ஒரே மாதிரி கெடாதுப்பா. அப்போ கம்ப்யூட்டர்லதான் இஷ்யூ."

நியாயமான பேச்சு. நஷ்டஈட்டுப் பிரிவிலும் நாங்கள் இப்படித்தான் எழுதுவோம். நோட்டில் 'ஸ்பீக்கர் இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"சரி, அம்மா பாடின ஃபைலை எனக்கு அனுப்பு. நான் இங்க கேட்டுட்டுச் சொல்றேன்."

"நெட் ஸ்லோவா இருக்கு."

"என்னோட வீடியோ கால்ல பேசிண்டிருக்கே நீ."

"அனுப்பறேன்."

அனுப்பவில்லை. நெட்டில் கோளாறு எதுவும் இல்லை. அந்த ஃபைலை வேறு எந்த மெஷினில் போட்டுக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். அது எனக்குத் தெரிந்திருந்தது. புனேயிலும் கரகரத்தால் அது கம்ப்யூட்டர் இல்லை. மதுவந்தி பொய் சொல்லவும் மாட்டாள். கம்ப்யூட்டர் கெட்டிருக்கிற வரைக்கும் அனந்தலக்ஷ்மியின் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிலைமையை மாற்ற எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

அதற்காக நான் சும்மாவும் இருக்கவில்லை. ரவுட்டரை அடுத்த அறைக்கு மாற்றினேன். ஃபேனை நிறுத்திக் கேட்டேன். கம்ப்யூட்டரை ஃபிரிட்ஜ் பிளக்கிலும் வாஷிங் மெஷின் பிளக்கிலும் மாட்டிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொன்னேன். அவர் எர்த் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். கேபினட்டைத் திறந்து தூசி தட்டினேன். விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டேன். அதில் பிரிண்டர் வேலை செய்யாமல் போனது, அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. இன்டர்நெட்டில் ஒரு ஃபோரத்தில் இதுவரை செய்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கேட்டேன். ஒருவர், 'ஸ்பீக்கரை வேறு எதிலாவது மாட்டிப் பார்த்தீர்களா, ஃபைலை வேறு எதிலாவது கேட்டீர்களா' என்று பதில் போட்டிருந்தார். நல்ல மனிதர். அவருக்கு நான் பதில் எழுதவில்லை.

அனந்தலக்ஷ்மி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தினம் காலை வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து பாடுவாள். தேதி போட்டுச் சேமிப்பாள். கேட்க மாட்டாள்.

"போட்டுப் பார்க்கலையா?"

"நீங்கதான் இன்னும் ரிப்பேர் பண்ணலையே."

இப்படிப் பதினேழு பதிவுகள் சேர்ந்தன.

லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருக்கும்போது சேஷாத்ரி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"என்ன வைத்தீஸ்வரன், மாமி பதிவு மட்டும் இன்னும் வரலையே?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர்."

"மூணு வாரமாவா? அது என்ன கம்ப்யூட்டர், ஹௌரா பிரிட்ஜா?"

"பார்த்துண்டிருக்கேன்."

"முப்பத்தோராம் தேதி லிஸ்ட் பிரின்ட்டுக்குப் போறது, ஓய். விதின்னு போட்டுட்டேன். இப்போ நானே அதை மீற முடியாது."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, அது இருபத்தெட்டாம் தேதி, நான் குளித்துவிட்டு வந்தபோது மேஜை மேல் ஸ்பீக்கர் இரண்டும் இல்லை. அவள் அவற்றைக் கழற்றிப் பழைய துண்டில் சுற்றி மளிகைப் பையில் வைத்திருந்தாள்.

"சாந்தினியில இஸ்மாயில் கடைக்கு எடுத்துண்டு போங்கோ. சங்கத்து மைக்கெல்லாம் அவர்தானே பார்க்கறார்."

"ஸ்பீக்கர் இல்லை இது. ரெண்டும் ஒரே நாள்ல கெடாதுன்னு மதுவே சொன்னா."

"சொல்லட்டும். மூணு வாரமா இந்தாத்துல நீங்க பிரிக்காதது இது ஒண்ணுதான்."

பிறகு ஒரு பென் டிரைவை என் சட்டைப் பையில் போட்டாள்.

"நேத்திக்குப் பாடினது. டெஸ்ட் பண்றதுக்கு இதைப் போடச் சொல்லுங்கோ."

"நீ கேக்க வேண்டாமா?"

"நீங்க கேட்டுட்டு வாங்கோ."

காளிகாட்டில் மெட்ரோ ஏறினேன். ஸ்கேன் மெஷினில் பையைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெண் காவலர், துண்டில் என்ன என்று கேட்டார். பிரித்துக் காட்டினேன். ஒரு ஸ்பீக்கரைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், போகச் சொன்னார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

முகமது இஸ்மாயில் காயல்பட்டினத்துக்காரர். முப்பது வருஷமாகக் கல்கத்தாவின் சாந்தினி சவுக்கில் சவுண்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். கடை என்பது ஒரு மேஜை, ஒரு விளக்கு, மூன்று பக்கமும் ஸ்பீக்கர்.

"வாங்க சார், உக்காருங்க. மாமி சொகமா இருக்காங்களா?"

"இருக்கா. கம்ப்யூட்டர்லதான் கோளாறு. ஸ்பீக்கர் நன்னாத்தான் இருக்கு. ஆனாலும் ஒரு தடவை காட்டிடலாம்னு..."

அவர் துண்டைப் பிரித்து ஒரு ஸ்பீக்கரை விளக்குக்கு நேராகத் திருப்பினார். இன்னொன்றையும் எடுத்துத் திருப்பினார்.

"சார், இது என்ன?"

"சந்தனம், குங்குமம்."

"அது தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

"ஆயுத பூஜை."

அவர் காத்திருந்தார். அதனால் நான் முழுவதும் சொன்னேன். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பது என் பொறுப்பு. மிக்ஸி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின், ஸ்கூட்டர், ஆபீஸ் ஸ்டேப்ளர் வரைக்கும். சந்தனக்கட்டையைக் கல்லில் உரசி நானே அரைப்பேன், கடையில் வாங்கிய பொடி கிடையாது. ஸ்பீக்கருக்குப் போன வருஷம் வரை முன்பக்கத் துணியில் வைத்தேன். இந்த மழைக்காலத்தில் துணியில் பூஞ்சை பிடித்து அனந்தலக்ஷ்மி அதைக் கழற்றி எறிந்துவிட்டாள். துணி இல்லாமல் பார்த்தபோது உள்ளே வட்டமாக, நடுவில் லேசாக மேடாக, நெற்றி மாதிரியே ஒரு இடம் இருந்தது.

"அதுல வச்சிட்டீங்க."

"வைக்கறதுக்குன்னே பண்ணினாப்புல இருந்தது."

"சார், ஸ்பீக்கர்ல ஆடுற இடமே அதுதான். அது ஆடுனாத்தான் சத்தம். நீங்க அது மேல ஒரு கல்லை ஒட்டி வச்சிருக்கீங்க. தண்ணியா வேற இருந்திருக்கு, உள்ள இறங்கிக் காஞ்சிருக்கு. ரெண்டுக்குமா வச்சீங்க?"

"ஒண்ணுக்கு வெச்சுட்டு இன்னொண்ணை எப்படி விடறது?"

"அதுவும் சரிதான்." நகத்தால் தட்டினார். டக் டக் என்றது. "மூணு வாரமா கண்ணுல படலியா?"

பட்டது. தினம் பட்டது. சுற்றித் தூசிகூடத் துடைத்தேன். ஆனால் பூஜையில் வைத்த பொட்டை நாமாக அழிப்பதில்லை, அது தானாக உதிர வேண்டும் என்றேன்.

"இது உதிராது சார். நல்லாவே அரைச்சிருக்கீங்க."

ஒரு மணி நேரம் ஆனது. ஈரப் பஞ்சால் ஊறவைத்து, மெல்லிய தகட்டால் சுரண்டி, ஊதி, விளக்கடியில் காய வைத்தார். நடு மூடி ஒன்று கையோடு வந்துவிட்டது, வேறு ஒட்டினார். எனக்கு டீ வந்தது. மூன்று வாரத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் டீ குடிக்கவில்லை. கோளாறு கிடைத்துவிட்டது. முட்டாள்தனம் என்னுடையது. அது பெரிய விஷயமே இல்லை.

"ஏதாவது போட்டுப் பாக்கணுமே. பாட்டு வச்சிருக்கீங்களா?"

சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன்.

"மாமி பாட்டா? குடுங்க, குடுங்க. போன வருஷம் மைக் நான்தானே வச்சேன்."

தம்பூரா சுத்தமாக வந்தது. பிறகு அவள் வந்தாள். மணல் இல்லை, டப்பா இல்லை. வர்ணம் முழுக்க அவள் எப்படிப் பாடுவாளோ அப்படி. இஸ்மாயில் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு ஸ்க்ரூவை இறுக்கினார். பக்கத்துக் கடைக்காரர் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

கல்யாணி ஆரம்பித்தது. மெதுவாக ஏறினாள். மேல் ஷட்ஜம் நன்றாக நின்றது. அதற்கு மேல் காந்தாரத்துக்குப் போனாள். அங்கே குரல் இருக்க வேண்டிய இடத்தில் காற்று வந்தது. அரை நொடி. பிறகு கீழே இறங்கியதும் சரியாகிவிட்டது. இன்னொரு தடவை போனாள். அதே இடத்தில் அதே காற்று.

இஸ்மாயில் கை நின்றது.

"இன்னும் எங்கயோ உரசுது சார்."

பின்னால் தள்ளித் திரும்பப் போட்டார். உஸ் என்று வந்தது.

"பாத்தீங்களா? மத்த இடமெல்லாம் சுத்தமா இருக்கு. இந்த ஒரு இடத்துல மட்டும் அடிக்குது. உள்ள காயில் கம்பியில துளி சந்தனம் நின்னுருக்கும். ரெண்டு நிமிஷம், தொறந்துடறேன்."

"வேண்டாம்."

"அரைகுறையாக் குடுக்க மாட்டேன் சார்." ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். என்ன தோன்றியதோ, அதைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலிருந்த தன் பெரிய ஸ்பீக்கரில் ஒயரை மாற்றிப் போட்டார். பெரிய ஸ்பீக்கரில் காற்று இன்னும் தெளிவாக வந்தது.

"ரெக்கார்டிங்லயே இருக்கு," என்றார். "மைக்கைப் பாக்கணுமோ?"

"மைக் நல்ல மைக்."

அவர் என்னைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். பென் டிரைவை எடுத்து மூடியைப் போட்டு, சட்டைத் துணியில் ஒரு தடவை துடைத்து என்னிடம் நீட்டினார்.

"ஆபரேஷன்னு சேஷாத்ரி சார் சொன்னாங்க."

"ஆமாம்."

ஸ்பீக்கரைப் பையில் வைக்கப் போனார். நான் கேட்டேன்.

"இதை ஒண்ணாம் தேதி வரைக்கும் இங்கேயே வெச்சுக்க முடியுமா?"

"எதுக்கு சார்? சரியாயிடுச்சே."

"தெரியும்."

"சரியானதை நான் வச்சுகிட்டு மாமி போன் பண்ணிக் கேட்டா என்ன சொல்ல?"

"பார்ட் கிடைக்கலைன்னு சொல்லுங்களேன்."

"சாந்தினியில பார்ட் கிடைக்கலைன்னு சொன்னா யார் சார் நம்புவாங்க?"

பையை என் மடியில் வைத்தார்.

"நான் மைக் வைக்கிறவன் சார். பாடுறவங்களுக்கு அவங்க கொரல் கேக்கலைன்னா அவங்க பாடவே மாட்டாங்க. எடுத்துட்டுப் போங்க."

மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன். அவளிடம் சொல்ல மூன்று வாக்கியம் தயார் செய்தேன். மூன்றும் நஷ்டஈட்டுப் பிரிவுக் கடிதம் மாதிரி இருந்தன. எல்லாமே 'யார் மீதும் தவறு இல்லை' என்று ஆரம்பித்தன.

வீட்டில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"என்னவாம்?"

சந்தன விஷயத்தைச் சொன்னேன். அவள் புரியாமல் பார்த்தாள். ஸ்பீக்கரின் நடுவைக் காட்டினேன். நெற்றி மாதிரி இருந்தது என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"ரெண்டுக்கும் வெச்சேளா! விண்டோஸையே அழிச்சேளே! அந்த எலக்ட்ரீஷியனை வேற..."

"போறும்."

"மதுக்குச் சொல்லணும், இருங்கோ." போனை எடுத்தவள் அதைத் திரும்பக் கீழே வைத்தாள். "பாட்டைப் போட்டேளா?"

"போட்டோம்."

"என்ன?"

மூன்று வாக்கியத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"மேல் காந்தாரத்துல காத்து வரது," என்றேன்.

"நிக்கறதா, நிக்கலையா?"

"நிக்கலை."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நீதான்."

அவள் தலையாட்டினாள். ஸ்பீக்கரை மாட்டச் சொன்னாள். மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பத்து நிமிடமும் கேட்டாள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஆறு தடவை போட்டாள், பிள்ளைகள் தப்பாகப் பாடினால் நிறுத்திக் கேட்பாளே, அப்படி.

"பாடறச்சேயே தெரிஞ்சுது," என்றாள். "பதினேழு தடவையும் அங்கதான்."

"தெரிஞ்சுமா என்னை மூணு வாரம்..."

"நேக்கு மட்டும் தெரிஞ்சா போறுமா? உள்ளுக்குள்ள கேக்கறதை நம்பக் கூடாது. மத்தவாளுக்குத் தெரியறதான்னு பார்க்கணும். இஸ்மாயில் என்ன சொன்னார்?"

"ஸ்பீக்கர்ல இன்னும் சந்தனம் இருக்குன்னார்."

"அப்போ தெரியறது." பென் டிரைவைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "ஃபைலை மதுவுக்கு ஏன் அனுப்பலைன்னும் தெரியும். நெட் ஸ்லோவாம்."

நான் ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த துண்டை மடித்தேன்.

அவள் போனில் தம்பூரா ஆப்பைத் திறந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குத் தெரிந்து அவளுக்கு ஐந்தரைக் கட்டை சுருதி. அதை நாலரைக்கு இறக்கினாள். முழுசாக ஒரு கட்டை. அறையே தாழ்ந்தது போல இருந்தது. அவள் ஷட்ஜத்தைப் பிடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். திரும்பப் பிடித்தாள்.

"இது யாராத்துக் குரலோ மாதிரி இருக்கு."

"நன்னா இருக்கு."

"நீங்க போய்ப் பேப்பர் படியுங்கோ."

அன்றும் மறுநாளும் வகுப்பு நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தச் சுருதியில் பாடினாள். முப்பதாம் தேதி காலை ஒரே தடவை பதிந்தாள். இந்த முறை உடனே போட்டுக் கேட்டாள். கீழே சில இடங்களில் குரல் பழகாமல் இருந்தது. கல்யாணியில் மேலே ஏறினாள். காந்தாரம் நின்றது. பழைய மாதிரி கம்பியாக இல்லை. ஆனால் நின்றது.

மெயிலை என்னைத்தான் அடிக்கச் சொன்னாள். 'சமீபத்திய உடல்நிலை காரணமாக' என்று ஆரம்பித்தேன்.

"அதை எடுங்கோ."

"ஒரு மரியாதைக்கு..."

"எடுங்கோ. 'பதிவு இணைத்திருக்கிறேன். சுருதி இந்த வருஷத்திலிருந்து நாலரைக் கட்டை. சரி என்றால் தேதி சொல்லவும்.' அவ்வளவுதான்."

அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. மிக்க நன்றி, டிசம்பர் 21 மாலை ஐந்தரை என்று. பதிவு பத்து நிமிடம்.

"கேக்கவே இல்லை அந்த மனுஷன்," என்றாள். போனை எடுத்து அவளே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்கோ மாமி! கிடைச்சுடுத்து. ரொம்ப நன்னா இருக்கு."

"எது நன்னா இருக்கு?"

"பாட்டு..."

"சேஷாத்ரி, விதி போட்டது நீங்க. கேட்டுட்டுச் சொல்லுங்கோ. நன்னா இல்லைன்னா இல்லைன்னு சொல்லலாம். நான் கீழே உக்காந்து கேட்டுட்டுப் போறேன்."

மறுமுனையில் இரண்டு தடவை இருமல் சத்தம் வந்தது. வைத்துவிட்டார்.

அவள் சமையலறைக்குப் போகவில்லை. போனுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மணி அடித்தது.

"மாமி, கேட்டேன். முழுசாக் கேட்டேன்."

"சொல்லுங்கோ."

"மேல போறச்சே ஜாக்கிரதையாப் போறேள். முன்னெல்லாம் அப்படிப் போக மாட்டேள்."

"ஆமாம்."

"ஆனா போயிடறேள்."

"ஆமாம்."

"இருபத்தொண்ணு, அஞ்சரை. அதுல மாத்தமில்லை. வயலினுக்குச் சுருதியைச் சொல்லிட்டேளோ?"

"இனிமேதான்."

பவானிபூரில் இருக்கும் பூர்ணிமாதான் பதினோரு வருஷமாக அவளுக்கு வயலின் வாசிக்கிறாள். உடனே அவளைக் கூப்பிட்டாள்.

"பூர்ணிமா, இருபத்தொண்ணாம் தேதி அஞ்சரை மணி. நாலரைக் கட்டைக்கு வயலினை இறக்கி வெச்சுக்கோ."

"நாலரையா? ஏன் மாமி, அஞ்சரை என்ன ஆச்சு?"

"அது போயிடுத்து."

"போயிடுத்தா? திரும்ப வருமா?"

"தெரியலை. நீ வியாழக்கிழமை சாயங்காலம் வா, உக்காந்து பார்க்கலாம். வரச்சே லேக் மார்க்கெட்ல நல்ல கறிவேப்பிலை கிடைச்சா வாங்கிண்டு வா. இவரை அனுப்பினா முத்தலா வாங்கிண்டு வரார்."